மூணாவது ராமச்சந்திரன்

ஐயப்பன்தாங்கல் டிப்போவுல பஸ் ஏறி கிண்டிக்கு வந்தீங்கன்னா வழியில ரெண்டு ராமச்சந்திரன் வருவாங்க. முதல்ல போரூர் ஸ்ரீராமச்சந்திரா ஆஸ்பத்திரி. கையில எக்ஸ்ரே கவரோட ஏறினவங்க எல்லாம் அங்கயே இறங்கிடுவாங்க. அப்புறம் ராமாவரம் தோட்டம், எம்.ஜி.ராமச்சந்திரன் வாழ்ந்த வீடு. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற ஒரு ஐ.டி. பார்க்குல தான் அடியேன் தினமும் ஆணி புடுங்குறேன். இந்த ரோடு போய்ச் சேர்ற கிண்டியில மூணாவதா ஒரு ராமச்சந்திரன் 18 வருஷம் வேலை பார்த்தார். அவரையும் அவரோட மாணவர்களையும் பத்தித்தான் இந்தப் பதிவு.

ஆபீஸ்ல பக்கத்து சீட்டு நண்பன்கிட்ட "ஜி.என்.ராமச்சந்திரன் தெரியுமாடா?"ன்னு கேட்டேன். "எந்த வார்டு?"ன்னான். :-)

சரி, திடீர்னு எதுக்கு இந்த ஆராய்ச்சின்னு கேட்பீங்க. என் தங்கச்சி எம்.எஸ்ஸி. வேதியியல் முடிச்சிருக்கா. நொதிகள் மேல வேலை பார்க்கிற ஒரு ஆய்வகத்துல முனைவர் பட்டத்துக்குச் சேரணும்னு ஆசை. நேர்காணலுக்குப் போனா, "உனக்கு பயாலஜி தெரியாதே, எப்படிம்மா சமாளிப்பே?"ன்னு கேட்டிருக்காங்க. முழிச்சிருக்கா. இன்னொரு இடத்துல, "பயாலஜி பக்கம் போனா கெமிஸ்ட்ரி மறந்துடும், பார்த்துக்கோ"ன்னு அறிவுரை. வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசலை. அப்பா தன் பங்குக்கு "ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால் வேணாம்மா"ன்னு சொல்லி எரியுற நெருப்புல எண்ணெய் ஊத்தினார். எனக்கு சமாதானம் சொல்லத் தெரியலை. பொறியியல் படிச்சவனுக்கு ஆராய்ச்சிப் படிப்பைப் பத்தி என்ன தெரியும்? அப்பத்தான் படிக்க ஆரம்பிச்சேன். படிக்கப் படிக்க, இந்தக் கேள்விக்கான பதில் நம்ம பஸ் ரூட்லயே இருந்திருக்குன்னு தெரிஞ்சது.

ஜி.என்.ராமச்சந்திரன் 1922-ல எர்ணாகுளத்துல பிறந்தவர். 1942-ல பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துல சேர்ந்தது மின் பொறியியல் படிக்க. (பொறியாளர்களே, கவனிக்க!) அங்க சர் சி.வி.ராமன் அவரை இயற்பியலுக்கு இழுத்துக்கிட்டார். அப்புறம் கேம்பிரிட்ஜ், 1949-ல அங்க ஒரு முனைவர் பட்டம். 1952-ல சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ.லட்சுமணசுவாமி முதலியார் இயற்பியல் துறைக்குத் தலைமை தாங்க ஆள் தேடினப்போ ராமன் கை காட்டினது இவரைத்தான். வயசு முப்பது வாக்குல இருக்கும். எனக்கு இப்ப 28. இன்னும் டீம் லீட் கூட ஆகலை, விடுங்க.

கிண்டி வளாகத்துல எக்ஸ் கதிர் படிகவியல் ஆய்வகம் ஒண்ணை ஆரம்பிச்சார். படிகத்து மேல எக்ஸ் கதிரை அடிச்சா அது சிதறி ஒரு புள்ளிக்கோலம் போடும். அந்தக் கோலத்தை வச்சு உள்ள அணுக்கள் எப்படி அடுக்கியிருக்குன்னு கணக்குப் போட்டுச் சொல்றது தான் படிகவியல். அதுவரைக்கும் அவர் பார்த்ததெல்லாம் வைரம் மாதிரி கல்லு சமாச்சாரம். அந்த 1952-லயே இங்கிலாந்துலேர்ந்து ஜே.டி.பெர்னால் சென்னைக்கு வர்றார். கொலாஜனோட அமைப்புக்கு இன்னும் யாரும் ஒழுங்கா பதில் சொல்லலைன்னு பேச்சுவாக்குல சொல்றார். நம்மாளு அதைக் கெட்டியா பிடிச்சுக்கிட்டார்.

கொலாஜன்னா என்ன? நம்ம தோல், தசைநாண், எலும்பு, குருத்தெலும்பு எல்லாத்தையும் இழுத்துக் கட்டி வச்சிருக்கிற புரதம். உடம்புல அதிகமா இருக்கிற புரதமும் அதுதான். ஆட்டுக்கால் சூப் ஆறினா கட்டியாகுதே, அது வெந்து போன கொலாஜன். மாட்டுத்தோலைப் பதப்படுத்தினா செருப்புத் தோல் ஆகுதே, அதுவும் கொலாஜன் தான். இங்கதான் இடம் கை கொடுத்தது. 1948-லயே அடையாறுல மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் வந்தாச்சு. கிண்டி வளாகத்துலேர்ந்து கூப்பிடு தூரம். தோலைத் தெரிஞ்ச வேதியியல்காரங்க அங்க இருந்தாங்க, மாதிரிகளும் அங்கேர்ந்தே கிடைச்சது. கங்காரு வாலோட தசைநாண்ல எடுத்த படம் தான் தெளிவா வந்ததுன்னு சொல்வாங்க. சென்னையில கங்காரு வால்! நம்ம ஊர் சயின்ஸ் சும்மா இல்ல.

ராமச்சந்திரனோட இதுல இறங்கினவர் கோபிநாத் கர்த்தா, அவரோட மாணவர். ரெண்டு பேருமே இயற்பியல். கையில இருந்தது ரெண்டே தகவல். ஒண்ணு, எக்ஸ் கதிர் படம். இன்னொண்ணு, வேதியியல்காரங்க கொலாஜனைப் பிரிச்சுப் பார்த்துச் சொன்ன ஒரு கணக்கு: அதுல இருக்கிற அமினோ அமிலங்கள்ல மூணுல ஒண்ணு கிளைசின். அமினோ அமிலங்கள்லயே ரொம்பப் பொடியன் கிளைசின். மத்தவங்களுக்கெல்லாம் பக்கத்துல ஒரு கிளை தொங்கும், இவனுக்கு வெறும் ஒரு ஹைட்ரஜன் அணு. ஏன் சரியா மூணுல ஒண்ணு? இவங்க சொன்ன பதில்: கொலாஜன் மூணு புரிக் கயிறு. மூணு இழையும் சேர்ற நடு அச்சுல இடமே கிடையாது. ஒவ்வொரு இழையிலயும் மூணுக்கு ஒரு தடவை ஒரு அமினோ அமிலம் அந்த நெருக்கடிக்குள்ள போய் உட்காரணும். அங்க கிளைசினைத் தவிர வேற யாரும் உட்கார முடியாது.

இதை 1954 ஆகஸ்ட்ல 'நேச்சர்' இதழ்ல வெளியிட்டாங்க. 1955-ல இன்னும் திருத்தி, மூணு சுருளும் ஒண்ணை ஒண்ணு முறுக்கிக்கிட்டுப் போகுதுன்னு அடுத்த கட்டுரை. இத்தனைக்கும் ஆல்ஃபா சுருளைக் கண்டுபிடிச்ச லைனஸ் பவுலிங்கே 1951-ல கொலாஜனுக்கு ஒரு மாதிரி போட்டு அது தப்பாப் போயிருந்தது. கிண்டியிலேர்ந்து ஒரு வாத்தியாரும் ஒரு மாணவரும் அந்த இடத்துல போய் நிக்கிறாங்க.

கதை இங்க முடிஞ்சிருந்தா நான் பதிவே எழுதியிருக்க மாட்டேன். சுவாரசியம் இதுக்கு அப்புறம் தான்.

அதே 1955-ல கேம்பிரிட்ஜ்லேர்ந்து பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் ஒரு கட்டுரை போடுறாங்க. டி.என்.ஏ. புகழ் கிரிக்கே தான். மூணு புரி சரி, முறுக்கும் சரி. ஆனா ராமச்சந்திரன் மாதிரியில சில அணுக்கள் ஒண்ணுக்கொண்ணு இடிக்குது, இவ்வளவு நெருக்கமா அணுக்கள் இருக்க முடியாது. அப்புறம் ஒவ்வொரு மூணு அமினோ அமிலத்துக்கும் இழைகளுக்கு நடுவுல ரெண்டு ஹைட்ரஜன் பிணைப்பு இல்ல, ஒண்ணு தான். இதான் அவங்க வாதம். கவனிங்க, கிரிக் இயற்பியல்லேர்ந்து உயிரியலுக்கு வந்தவர், ரிச் மருத்துவம் படிச்சவர். எதிர்க்கட்சியும் ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால் கேஸ் தான்!

நாமளா இருந்தா என்ன பண்ணுவோம்? கோட் ரிவ்யூல யாராவது இப்படி எழுதினா ரெண்டு நாள் சாப்பாடு இறங்காது. "என் மெஷின்ல ஓடுது"ன்னு பதில் போடுவோம். ராமச்சந்திரன் எடுத்துக்கிட்ட கேள்வி வேற: "அணுக்கள் நிஜமாவே எவ்வளவு கிட்ட வரலாம்?" இதுக்கு யார்கிட்டயும் ஒழுங்கான பட்டியல் இல்லை. அதனால அவரும் மாணவர்களும் அதுவரைக்கும் வெளிவந்திருந்த அமினோ அமிலங்கள், சின்னச் சின்ன பெப்டைடுகளோட படிக அமைப்புகளைத் தேடி எடுத்து, எந்த அணு எந்த அணுவுக்கு எவ்வளவு நெருக்கமா இருக்குன்னு அளந்து பட்டியல் போட்டாங்க. எல்லாரும் நினைச்சதை விட அணுக்கள் கிட்ட வருதுன்னு தெரிஞ்சது. ஒவ்வொரு ஜோடிக்கும் ரெண்டு எல்லை வச்சாங்க. சாதாரணமா இவ்வளவு, ரொம்ப நெருக்கினா இவ்வளவு. உதாரணமா கார்பனும் கார்பனும் 3.2 ஆங்ஸ்ட்ராம், போனாப் போகுதுன்னா 3.0. இது முழுக்க வேதியியல் வேலை. செஞ்சது இயற்பியல் துறை. பதில் வேண்டியது உயிரியலுக்கு.

இங்க வி.சசிசேகரனும் சி.ராமகிருஷ்ணனும் வர்றாங்க, ரெண்டு பேரும் அவரோட ஆராய்ச்சி மாணவர்கள். பட்டியல் கையில இருக்கு. இதை கொலாஜனுக்கு மட்டும் ஏன் பயன்படுத்தணும், எல்லாப் புரதத்துக்கும் போட்டுப் பார்க்கலாமேன்னு போறாங்க. புரதம்ங்கிறது ஒரு சங்கிலி. ஒவ்வொரு கண்ணியிலயும் சுழலக் கூடிய பிணைப்பு ரெண்டு தான். அந்த ரெண்டு கோணத்துக்கும் ஃபை, சைன்னு பேரு. ரெண்டையும் ஒரு சதுரத்தோட ரெண்டு அச்சா வச்சுக்கோங்க. ஒவ்வொரு புள்ளியும் சங்கிலி மடங்கக்கூடிய ஒரு நிலை. ஒவ்வொரு நிலையிலயும் எல்லா அணு ஜோடிக்கும் தூரம் கணக்குப் போட்டு, எங்கயாவது இடிக்குதான்னு பார்க்கணும். இடிச்சா அந்தப் புள்ளி அவுட்.

கோணத்தை 10 டிகிரி 10 டிகிரியா நகர்த்தினாலே 36 பெருக்கல் 36, மொத்தம் 1,296 நிலைகள். நான் ஒரு ஞாயித்துக்கிழமை இதைப் பைத்தான்ல எழுதிப் பார்த்தேன். ஒரு ஃபார் லூப்புக்குள்ள இன்னொரு ஃபார் லூப், அவ்ளோ தான் மேட்டர். எண்டர் தட்டிட்டுக் காபி டம்ளரை எடுக்கிறதுக்குள்ள படம் வந்துடுச்சு. ராமகிருஷ்ணன்கிட்ட கம்ப்யூட்டர் கிடையாது. மேசைக் கணக்கு இயந்திரத்தை வச்சுக்கிட்டு ஒவ்வொரு தூரமா போட்டிருக்கார். ஒரு இடத்துல தப்பினா படமே கோணிக்கும். எனக்கு முதல் தடவை ஒரு கோணத்தோட குறி மாறிப் போய் படம் கண்ணாடியில பார்த்த மாதிரி தலைகீழா வந்தது. திருத்த ஒரு நிமிஷம் ஆச்சு. அவருக்கு அப்படி ஆகியிருந்தா?

விடை என்னன்னா, சதுரத்துல முக்கால்வாசி இடம் தடை. சங்கிலி எப்படி வேணா மடங்கலாம்னு தோணும், ஆனா அனுமதிக்கப்பட்ட இடம் ரெண்டு மூணு சின்னத் தீவு தான். பவுலிங் கண்டுபிடிச்ச ஆல்ஃபா சுருள், பீட்டா தாள், கொலாஜனோட சுருள் எல்லாம் சமத்தா அந்தத் தீவுகளுக்குள்ள வந்து உட்கார்ந்தது. 1963-ல 'ஜர்னல் ஆஃப் மாலிகுலர் பயாலஜி'யில அஞ்சு பக்கக் கட்டுரை. ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன்னு மூணு பேர். இன்னைக்கும் உலகத்துல எங்க ஒரு புரத அமைப்பைக் கண்டுபிடிச்சு சர்வதேசப் புரதத் தகவல் வங்கியில போட்டாலும், சரிபார்ப்பு அறிக்கையில எத்தனை கண்ணிகள் இந்தத் தீவுகளுக்கு வெளிய விழுந்திருக்குன்னு கணக்கு வரும். அந்தப் படத்துக்குப் பேரு ராமச்சந்திரன் வரைபடம்.

இங்க எனக்கு ஒரு சின்ன ஆதங்கம். 1960-ல தோல் ஆராய்ச்சி நிறுவனத்துல கொலாஜன் பத்தி ஒரு கருத்தரங்கம் நடந்து, 1962-ல அது புத்தகமா வந்தது. அதுல புரதச் சங்கிலிக்கான இந்த நெருக்க விதிகளைப் பத்தி நீளமா எழுதினவர் சசிசேகரன், தனி ஆளா. கணக்குப் போட்ட கை ராமகிருஷ்ணனோடது. வரைபடத்துல நிக்கிறது வாத்தியார் பேர் மட்டும். ராமச்சந்திரன் பேரை மறைச்சார்னு சொல்ல வரலை, கட்டுரையில மூணு பேரும் இருக்காங்க. சசிசேகரனோட சேர்ந்து 1968-ல எழுதின பெரிய தொகுப்புக் கட்டுரையும் இருக்கு. ஊர் உலகம் சுருக்கிக் கூப்பிடுறப்போ மாணவர்கள் உதிர்ந்துடுறாங்க. நம்ம ஆபீஸ்ல ரிலீஸ் முடிஞ்சதும் வர்ற வாழ்த்து மெயில் மாதிரி.

கிரிக்கோட சண்டை என்ன ஆச்சுன்னு கேட்டா, 1994-ல கொலாஜன் மாதிரி ஒரு பெப்டைடோட படிக அமைப்பு வந்தது. மூணுக்கு ஒரு ஹைட்ரஜன் பிணைப்பு தான். அந்த விஷயத்துல கிரிக்கும் ரிச்சும் சொன்னது சரி. ரெண்டாவது பிணைப்பு நேரா இல்லாம தண்ணி மூலக்கூறு வழியா இருக்கலாம்னு 1968-ல ராமச்சந்திரன் தரப்பு ஒரு யோசனை சொல்லியிருந்தது. கயித்தைச் சுத்தித் தண்ணி மூலக்கூறுகள் வலை பின்னியிருக்கிறதும் அந்தப் படிகத்துல தெரிஞ்சது. நம்ம ஊர்க்காரர்ங்கிறதுக்காக முழுசா ஜெயிச்சார்னு ஜல்லி அடிக்க முடியாது. ஆனா அந்தப் பாதித் தோல்வி மட்டும் இல்லேன்னா வரைபடமே வந்திருக்குமான்னு சந்தேகம் தான்.

அந்த மாணவர்கள் என்ன ஆனாங்க? கர்த்தா அமெரிக்கா போனார். பஃபலோவுல ரோஸ்வெல் பார்க் நிறுவனத்துல டேவிட் ஹார்க்கர், ஜேக் பெல்லோ கூட சேர்ந்து 1967-ல ரைபோநியூக்ளியேஸ்ங்கிற நொதியோட முழு அமைப்பையும் வெளியிட்டார். அமெரிக்க மண்ணுல தீர்க்கப்பட்ட முதல் புரத அமைப்பு அதுதான். கிண்டியில இயற்பியல் ஆராய்ச்சி பண்ணவர், நொதியோட அமைப்பைச் சொல்றார்! சசிசேகரனும் ராமகிருஷ்ணனும் வாத்தியாரோட பெங்களூர் போனாங்க. 1970-ல சென்னைப் பல்கலைக்கழகத்தை விட்டுக் கிளம்பின ராமச்சந்திரன், அடுத்த வருஷம் இந்திய அறிவியல் கழகத்துல மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவுன்னு ஒண்ணை ஆரம்பிச்சார். 1973-ல அங்க வந்து சேர்ந்தவர் பி.பலராம். அசல் வேதியியல்காரர், ஹார்வர்டுல ராபர்ட் உட்வர்டுகிட்ட வேலை பார்த்துட்டு வந்தவர். சாதாரணப் புரதத்துல வராத ஒரு அமினோ அமிலத்தை எடுத்து, அதோட பெப்டைடுகளை ஆய்வகத்துல தானே செஞ்சு, அது எப்படி மடங்குதுன்னு பார்த்தார். வரைபடத்துல அதுக்குக் கிடைக்கிற தீவு இன்னும் குட்டி, அதனால பெரும்பாலும் சுருளாத்தான் போகும். வரைபடம் போட்டவங்க இயற்பியல், அதை வச்சு மூலக்கூறு கட்டினவர் வேதியியல், எல்லாம் ஒரே கட்டடத்துல.

அமெரிக்காவுல தேசிய சுகாதார நிறுவனங்கள் 1990கள்லேர்ந்து 'வேதியியல்-உயிரியல் இடைமுகம்'னே பேர் வச்சு முனைவர் பட்ட மாணவர்களுக்குப் பயிற்சித் திட்டம் நடத்தியிருக்காங்க. வேதியியல் மாணவனை உயிரியல் ஆய்வகத்துல கொஞ்ச நாள் உட்கார வைப்பாங்க, அவனை இங்கயும். நல்ல ஏற்பாடு தான், காசும் இருக்கு. ஆனா நான் படிச்சதுலேர்ந்து எனக்குத் தோணுறது: ரெண்டு பாடத்தையும் பாதிப் பாதி கத்துக்கிறதால யாரும் தாண்டலை. கிண்டிப் பசங்க கையில ஒரே ஒரு விஷயம் கெட்டியா இருந்தது. ரெண்டு அணுவுக்கு நடுவுல தூரம் எவ்வளவு, அதை எப்படி நம்பலாம். அதை எடுத்துக்கிட்டு ஒரு உயிரியல் கேள்விக்குள்ள போனாங்க. தேவைப்பட்ட வேதியியலை, கிரிக் திட்டினப்புறம், திட்டுக்கு பதில் சொல்றதுக்காகக் கத்துக்கிட்டாங்க. நேர்காணல்ல கேட்க வேண்டிய கேள்வி "உனக்கு என்ன தெரியாது?" இல்லைன்னு நினைக்கிறேன். தப்பா இருந்தா ஆராய்ச்சி பண்றவங்க பின்னூட்டத்துல கும்மலாம்.

சிதம்பரத்துல பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனைத் தங்கச்சிகிட்ட உதாரணம் சொன்னேன். 1976-ல இயற்பியல்ல முனைவர் பட்டம் வாங்கிட்டு, உயிரியல் தெரியலைன்னு கலிஃபோர்னியாவுல மறுபடியும் மாணவனாப் போய் உட்கார்ந்தவர். 2009-ல ரைபோசோமுக்காக நோபல், அதுவும் வேதியியல்ல. "அவர் வெங்கி, நான் வெங்கி இல்லையே"ன்னா. சரிதான். கர்த்தா கதை தான் அவளுக்குப் பிடிச்சது.

போன சனிக்கிழமை ரெண்டு பேரும் கிண்டி போயிருந்தோம். படிகவியல், உயிர் இயற்பியல் துறை இன்னும் அந்த வளாகத்துல தான் இருக்கு. உள்ள எல்லாம் போகலை, மரத்தடியில கொஞ்ச நேரம் நின்னோம். "அடுத்த நேர்காணல்ல பயாலஜி தெரியுமான்னு கேட்டா என்ன சொல்லுவே?"ன்னு கேட்டேன். "கொலாஜன்ல மூணுல ஒண்ணு ஏன் கிளைசின்னு சொல்லத் தெரியும்ணா. மிச்சத்தை வந்து கத்துக்கிறேன்னு சொல்லுவேன்"னா. வர்ற வியாழக்கிழமை நேர்காணல். நான் அரை நாள் லீவு போட்டிருக்கேன், கூடப் போக.

கொசுறு: 1971-ல ராமச்சந்திரனும் ஏ.வி.லட்சுமிநாராயணனும் சேர்ந்து, பல கோணத்துல எடுத்த நிழல் படங்கள்லேர்ந்து உள்ள இருக்கிற உருவத்தைச் சுலபமா கணக்குப் போட்டு எடுக்கிற ஒரு வழி சொன்னாங்க. சி.டி. ஸ்கேன் உலகத்துல அதுக்கு ராம்-லக் ஃபில்டர்னு பேரு. அதாவது ராமச்சந்திரன் பாதி, லட்சுமிநாராயணன் பாதி. இந்தத் தடவை கூட வேலை பார்த்தவர் பேரும் நின்னுடுச்சு! அடுத்த தடவை போரூர்ல ஸ்கேன் கவரோட யாராவது பஸ்ல ஏறினா, முதல் ராமச்சந்திரன் ஸ்டாப்ல மூணாவது ராமச்சந்திரனையும் ஒரு தடவை நினைச்சுக்கோங்க.